கடற்கோட்டை: சிறையும் விடுதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலில், சிறு தீவொன்றை முற்றாக நிறைத்து நிற்பது கடற்கோட்டை. பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கட்டிய இதனை, பின்வந்த ஒல்லாந்தர் 'ஹம்மன்ஹீல்' என்றனர். இலங்கையின் வடிவம் பன்றித்தொடையை ஒத்தது, இவ்விடம் அதன் குதிகால் என்பது அவர்தம் எண்ணம். நாட்டை இறைச்சித் துண்டாகக் கண்டவர் இட்ட பெயரை நாமும் ஏன் சுமக்கவேண்டும்? ஊரார் வழங்கும் பெயரே சாலும்.

1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது கோட்டையை வீழ்த்தியதிற் பெரும்பங்கு குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு உரியது. சுற்றிலும் கடல், உள்ளே தாகம். பகைவரைத் தடுக்கும் அதே கடல் உள்ளிருப்போரையும் தடுக்குமன்றோ! ஆதலால், பிற்காலத்தில் இதனைச் சிறையாக்குவதற்கு அதிகம் முயலவேண்டியிருக்கவில்லை. தொற்றுநோயாளரை ஒதுக்கிவைத்த இடமாகவும் இது சிலகாலம் இருந்தது.

கொழும்பில் வாழும் நமக்கு இத்தகைய இடம் புதிதன்று. நாம் நாளும் கடந்துசெல்லும் கொம்பனித்தெரு, ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்த நீர்சூழ் நிலமே. அச்செய்தி 'ஸ்லேவ் ஐலண்ட்' என்ற ஆங்கிலப் பெயரில் எஞ்சியது; தமிழ்ப் பெயரிலோ கும்பனி மட்டுமே நின்றது.

கடற்கோட்டையில் இன்று கடற்படையினர் விடுதி நடத்துகின்றனர். படகிலே சென்று இறங்குவோர் மதிலையும், வளைகூரைகளையும், பழைய சிறையறைகளையும் காணலாம். இரவு தங்கவும் செய்யலாம். பழைமை பேணப்படுவது நன்றே. ஆயினும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்று எட்டத்து வரலாற்றைச் சுவைத்துவிட்டு அண்மைய வரலாற்றைக் கடந்துபோதல் எளிது.

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், கைதானோர் பலர் இங்கு அடைக்கப்பட்டனர். அதன் தலைவர் றோகண விஜயவீராவும் இங்கு வைக்கப்பட்டிருந்தார். அக்கிளர்ச்சியில் ஈடுபட்டோருட் பல்கலைக்கழக மாணவர் பலர். தெற்கின் சிங்கள இளைஞர், தம் மொழி வழங்காத வடக்கின் கடல் நடுவே சிறையிருந்தனர் என்பதை வரலாற்று மாணவர் இலேசாகக் கொள்ளலாகாது. வடக்கின் இளைஞரும் இத்தகைய தடுப்புக்காவலை அறிய அதிக காலம் செல்லவில்லை.

ஒல்லாந்தரின் யாழ்ப்பாணப் படையெடுப்பை, உடன்வந்த பல்தேயஸ் பாதிரியார் எழுதிவைத்தார். அந்நூல் 1672 இல் வெளிவந்தது. 1971 இல் இருபது வயதினராய்ச் சிறைப்பட்டோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களை நேரிற் கண்டு, சிங்களத்திற் கேட்டுத் தமிழில் எழுதுதற்கு இன்னும் சில ஆண்டுகளே உண்டு.