டென்னிஸ்: அதிரடி ஆட்டத்தையே தடுமாற வைக்கும் 'ஸ்லைஸ்' ஷாட்... மெதுவான இந்தப் பந்தில் அப்படி என்ன இருக்கிறது?

2015 செப்டம்பர் 11. நியூயார்க்கில் அமெரிக்க ஓபன் மகளிர் ஒற்றையர் அரையிறுதி. ஒரு பக்கம் உலகின் நம்பர் 1 வீராங்கனை செரீனா வில்லியம்ஸ். அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் மூன்றையும் ஏற்கனவே வென்றிருந்தார். இன்னும் இரண்டே வெற்றி கிடைத்தால், ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் என்ற சாதனை அவர் கையில்.

எதிரில் நின்றவர், தரவரிசையில் 43-வது இடத்தில் இருந்த இத்தாலியின் ராபர்ட்டா வின்சி. வயது 32. முதல் செட்டை செரீனா 6-2 என எடுத்ததும், கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த இரண்டு செட்களையும் 6-4, 6-4 என வென்று செரீனாவின் கனவை உடைத்தார் வின்சி.

செரீனாவின் வேகமோ, சர்வீஸ் பலமோ வின்சியிடம் கிடையாது. அவரிடம் இருந்த முக்கியமான ஆயுதம், பேக்ஹேண்ட் ஸ்லைஸ்.

ஸ்லைஸ் என்றால் என்ன?

வழக்கமான டாப்ஸ்பின் ஷாட்டில் மட்டை கீழிருந்து மேலாகப் போகும். பந்து முன்னோக்கிச் சுழன்று, வலையைத் தாண்டியதும் சட்டென்று இறங்கி, தரையில் பட்டு உயரமாக எழும்பும்.

ஸ்லைஸ் இதற்கு நேர் எதிர். மட்டையின் முகத்தை லேசாகத் திறந்து வைத்து, மேலிருந்து கீழாக, பழத்தைச் சீவுவது போல் பந்தைச் சீவ வேண்டும். அப்போது பந்து பின்னோக்கிச் சுழலும். காற்றில் சற்று மிதந்தபடி மெதுவாக வரும். ஆனால் வலையை ஒட்டித் தாழ்வாக வந்தால், தரையில் பட்டதும் எழும்பாமல் சறுக்கிக்கொண்டு போகும். கிரிக்கெட்டில் எழும்பாமல் கீழேயே போகும் பந்தைப் பார்த்து பேட்ஸ்மேன் திணறுவாரே, கிட்டத்தட்ட அதே சிக்கல்தான் இங்கும்.

எதிராளிக்கு என்ன பிரச்னை?

பந்து இடுப்பு உயரத்தில் வந்தால்தான் முழு பலத்தோடு அடிக்க வசதி. ஸ்லைஸ் பந்து முழங்காலுக்கும் கீழே நிற்கும். அதை முதலில் வலைக்கு மேல் தூக்க வேண்டும். பலமாக அடித்தால் பந்து வலையில் மாட்டும், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே போகும்.

இன்னொரு சிக்கல், வேகம். வேகமாக வரும் பந்தைத் திருப்பி அடிக்கும்போது அந்த வேகமே பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்லைஸில் அந்த வேகம் கிடைக்காது. எதிராளியே சொந்த பலத்தில் வேகத்தை உருவாக்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

மகளிர் டென்னிஸில் ஏன் கூடுதல் பலன்?

இன்றைய முன்னணி வீராங்கனைகளில் பெரும்பாலானோர் இரண்டு கைகளால் பேக்ஹேண்ட் ஆடுபவர்கள். மட்டையை இரண்டு கைகளாலும் பிடிக்கும்போது எட்டும் தூரம் குறையும். தாழ்வான பந்துக்கு முழங்காலை நன்றாக மடக்கிக் குனிய வேண்டும். போதாக்குறைக்கு, ஸ்லைஸை அதிகம் ஆடுபவர்கள் குறைவு என்பதால், அதைச் சந்தித்துப் பழகும் வாய்ப்பும் குறைவு.

ஸ்டெஃபி முதல் பார்ட்டி வரை

ஸ்லைஸ் என்றதும் ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃப். 22 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றவர். பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்துகளைப் பெரும்பாலும் ஸ்லைஸ் செய்து, எதிராளி பலவீனமாகத் திருப்பி அனுப்பும் பந்தை ஃபோர்ஹேண்டில் விளாசுவது அவரது பாணி. செரீனா எட்ட நினைத்த அந்தச் சாதனையை அதற்கு முன்பு, 1988-ல், கடைசியாகப் படைத்தவரும் இவர்தான்.

இதே பாணியைப் புதிய தலைமுறைக்குக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி. உயரம் 166 செ.மீ. மட்டுமே. டென்னிஸிலிருந்து இடைவெளி எடுத்து, பிக் பாஷ் மகளிர் லீக்கில் பிரிஸ்பேன் ஹீட் அணிக்காக கிரிக்கெட் ஆடிவிட்டுத் திரும்பியவர். 2019 பிரெஞ்சு ஓபன், 2021 விம்பிள்டன், 2022 ஆஸ்திரேலிய ஓபன் என களிமண், புல், கடினதரை மூன்றிலும் பட்டம் வென்றார். ஸ்லைஸ் புல்தரையில் மட்டும்தான் எடுபடும் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

அண்மைய உதாரணம் ஜெர்மனியின் டாட்ஜானா மரியா. இரண்டு குழந்தைகளின் தாய். 2025 ஜூனில், 37 வயதில், தகுதிச்சுற்றிலிருந்து வந்து லண்டன் குயின்ஸ் கிளப் பட்டத்தை வென்றார். ரைபாகினா, மேடிசன் கீஸ், இறுதிப்போட்டியில் அமாண்டா அனிசிமோவா என பலமாக அடிக்கும் வீராங்கனைகள் வரிசையாக அவரிடம் வீழ்ந்தனர். முதல் குழந்தை பிறந்த காலகட்டத்தில்தான் இரண்டு கை பேக்ஹேண்டை விட்டு ஒற்றைக் கைக்கு மாறினார் மரியா.

எப்போது பலிக்காது?

ஸ்லைஸ் உயரமாக மிதந்து கோர்ட்டின் நடுவில் விழுந்தால் அவ்வளவுதான், எதிராளிக்குப் பரிசு கொடுத்த மாதிரி. வலைக்கு அருகே முன்னேறி வந்துவிட்ட எதிராளிக்கும் மெதுவான பந்து லட்டு. ஒரே மாதிரியான ஸ்லைஸைத் தொடர்ந்து அனுப்பினால், எதிராளி அதற்குப் பழகிவிடுவார். டாப்ஸ்பின், டிராப் ஷாட் ஆகியவற்றோடு கலந்து ஆடும்போதுதான் முழுப் பலன்.

அடுத்த முறை மகளிர் டென்னிஸ் பார்க்கும்போது, ஸ்லைஸ் ஆடிய வீராங்கனையை விட்டுவிட்டு எதிரில் இருப்பவரின் முழங்காலைக் கவனியுங்கள். அவர் குனியத் தாமதித்தால், அந்த ஸ்லைஸ் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.