கரிவாயு பஸ்கள்

1942-ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றுபோகவே, பங்கீட்டுப் பெட்ரோல் துர்லபமாயிற்று; தஞ்சை ஜில்லாவின் பஸ்களும் முதுகில் கரிவாயுக் கலத்தைச் சுமக்கலாயின. விடியுமுன் கிளீனர் அடுப்புக்கரியைக் கொட்டி, தீ மூட்டி, விசிறிச் சக்கரத்தைக் கை ஓயச் சுற்ற, குறைந்த காற்றில் கனன்ற கரியினின்று எழும் கார்பன் மோனாக்ஸைடு, வடிகட்டிகளில் குளிர்ந்து எஞ்சினை அடையும். அவ்வாயுவின் உஷ்ணசக்தி பெட்ரோலுக்கு ஈடாகாமையால், வண்டியின் பலம் மூன்றிலொரு பங்கோ, அதற்கு மேலோ குன்றும். டெல்டாவின் சமதரை ஓரளவு அநுகூலமே. எனினும், வெண்ணாறு, வெட்டாற்றுக் கரைகளையொட்டிப் பாலத்துக்கு ஏறும் சாய்வுகளில், நிறைபாரத்துடன் வண்டி திணறும். மதுரை டி.வி.எஸ். கம்பெனியார் தயாரித்த கலங்கள் பெயர்பெற்றன. ஆனால், கரித்தூளையும் விஷவாயுவையும் நாள்தோறும் சுவாசித்து அக்கலங்களை இயக்கிய கிளீனர்களின் சிரமமே நம் போக்குவரத்துச் சரித்திரத்தில் முதலிடம் பெறத்தக்கது. யுத்தம் முடிந்து பெட்ரோல் படிப்படியாக மீண்டதும் கலங்கள் கழற்றப்பட்டன.