உறுதி ஒருவரிடம், திறப்பு இன்னொருவரிடம்

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பது வீட்டுச் சொந்தக்காரர்கள் சொல்வதற்கென்றே பிறந்த பழமொழி போலத் தோன்றும். குடியிருந்தவர்களுக்கும் சொல்வதற்குக் கதைகள் உண்டு. ஆனால் அவை நீதிமன்றக் கோவைகளுக்குள்ளேயே முடங்கிவிட்டன. யாழ்ப்பாணத்து வீட்டு வழக்குகளின் வரலாற்றை இரு தரப்பையும் பார்த்தே எழுதவேண்டும். இக்கட்டுரையில் அதைக் குருநகரை மனதிற்கொண்டு எழுதுகிறேன். கரையூர் என முன்னாளில் அழைக்கப்பட்ட இந்தக் கடற்கரைப் பகுதியில் வளவுகள் சிறியவை, வீடுகள் நெருக்கமானவை. கடற்றொழில் செய்பவன் கரையை விட்டுத் தூரம் போய்க் குடியிருக்க முடியாது. ஆகவே இங்கே ஒரு வீட்டை விட்டு எழும்பு என்று சொல்வது, பல வேளைகளில் தொழிலை விட்டு எழும்பு என்று சொல்வதற்குச் சமமாகும்.

வாடகை என்பது நமது பழைய வழக்கத்தில் முதன்மையான ஏற்பாடாக இருக்கவில்லை. ஒற்றியே இருந்தது. பணம் தேவைப்பட்டவர் காணியையோ வீட்டையோ ஒற்றியாகக் கொடுப்பார். பணம் கொடுத்தவர் அதில் இருந்து ஆண்டு அனுபவிப்பார். பணத்துக்கு வட்டியில்லை, அனுபவத்துக்கு வாடகையில்லை. முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் காலத்தில், 1707இல், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் இந்த ஒற்றி விரிவாக இடம்பெற்றுள்ளது. தமிழாக்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரி கண்டார்கள். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் பிரித்தானியர் அதற்குச் சட்டவலுக் கொடுத்தார்கள். ஒற்றிக் காணியை நினைத்த நேரத்தில் மீட்டுவிட முடியாது, பயிர்க்காலம் பார்த்தே மீட்கவேண்டும். விதைத்தவன் அறுக்குமுன் எழுப்பப்படக்கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. கடன்பட்டவனையும் கடன் கொடுத்தவனையும் ஒரே தராசில் வைத்த ஏற்பாடு என்பது எனது கருத்து.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தோடு எழுத்தின் ஆட்சி வந்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டும். நம்மவர்கள் காணி வாங்கும்போது நொத்தாரிசிடம் போவார்கள். வாடகைக்குக் கொடுக்கும்போது வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்வார்கள். ஐந்து வருடத்துக்கு என்று வாயால் பேசிக் கொடுத்த வீடு சட்டத்தின் கண்ணில் மாதவாடகை வீடே. இது தெரியாமல் இரு தரப்பினரும் பிரக்கிராசிமாருக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு வீடு கட்டியிருக்கலாம்.

இரண்டாம் உலகப்போர் இலங்கையின் வாடகைச் சட்டத்தைத் தலைகீழாக்கியது. 1915இல் கிளாஸ்கோ நகரப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடியதை அடுத்து, பிரித்தானியா வாடகைக்கு உச்சவரம்பு விதித்தது. அதே மருந்தை இலங்கை 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் எடுத்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. மறு ஆண்டே யாழ்ப்பாணம் மாநகரசபையாயிற்று. குருநகரும் அதன் எல்லைக்குள் இருந்தது.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குடியிருப்பவர் இறந்தால், கூட இருந்த மனைவி மக்களுக்கு அந்த உரிமை தொடரும். ஒருவர் குடியிருக்கும் வீட்டை இன்னொருவர் விலைக்கு வாங்கிவிட்டு, எனக்கு வீடு வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி அவரை எழுப்ப முடியாது. வாடகை நிலுவையாகட்டும் என்று எண்ணிச் சொந்தக்காரர் பணத்தை வாங்க மறுத்தால், குடியிருப்பவர் அதை உள்ளூராட்சி மன்றத்தில் கட்டலாம். அது சொந்தக்காரர் பெற்றதாகவே கொள்ளப்படும். முற்றத்தில் முகம் பார்த்துக் கொடுத்து வாங்கிய வாடகை மாநகரசபைக் கவுண்டருக்குப் போயிற்று. ஒரே வளவுக்குள் இருந்தவர்களின் பேச்சுவார்த்தையும் அத்தோடு நின்றது. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த 1973இல் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், மேலதிக வீடுகளை அரசுடைமையாக்கிக் குடியிருந்தவர்கள் அவற்றை வாங்க வழிசெய்தது.

இச்சட்டங்கள் அநியாயமானவை என்று வெளிநாட்டிலிருக்கும் சில நண்பர்கள் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வாடகையை நம்பி வாழ்ந்த விதவைகளும் ஓய்வூதியர்களும் நசுக்கப்பட்டது உண்மையே. ஆனால் வாடகையை ஏற்றியே ஏழையை எழுப்பும் வழக்கத்துக்கு அவை முடிவு கட்டின. அவற்றின் குறை வேறிடத்தில் இருந்தது. வீட்டில் இல்லாத சொந்தக்காரர் வேறு வீடு உள்ளவர், வசதியானவர் என்று அவை எடுத்துக்கொண்டன. யுத்தம் அந்த ஊகத்தைப் பொய்யாக்கியது.

எண்பதுகளில் குருநகரில் இராணுவமுகாம் இருந்தது. 1993 நவம்பர் 13ஆம் நாள் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அதற்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளுக்கும் இதே கேள்விகள் உண்டு என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 1996இல் மக்கள் திரும்பியபோது எல்லாரும் தத்தம் வீட்டுக்குத் திரும்பவில்லை. தன் வீடு தரைமட்டமானவர், தன் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டவர், கூரையிருந்த வீடொன்றில் ஒதுங்கினார். அந்த வீட்டுக்காரர் ரொறன்ரோவிலோ திருச்சியிலோ இருந்தார்.

இவ்விடத்தில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் குறுக்கிடுகிறது. பிறருக்கு எதிராகப் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டு வந்தவர் காணிக்கு உரிமை கோரலாம். வாடகைக்கு இருப்பவருக்கோ, அனுமதியோடு காவலுக்கு இருப்பவருக்கோ இந்த உரிமை எளிதில் கிடையாது. பிறருக்குக் கீழ் வந்தவர் என்ற தொடர்பு அவரைக் கட்டுகிறது; வாடகையை நிறுத்தினார் என்பதால் மட்டும் அவருடைய இருப்பு எதிரான ஆட்சியாகிவிடாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமும், குடியிருப்பவர் தன்னைக் குடிவைத்தவரின் உரித்தை மறுக்கவிடாது. யாரும் குடிவைக்காமல், பூட்டை உடைத்து வந்தவருக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை.

இதன் விளைவைக் கவனியுங்கள். தெரிந்த ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பாக இருந்தார். உயிர் தப்பினால் போதும் என்று கதவைச் சாத்திவிட்டு ஓடியவருக்கே ஆபத்து அதிகம். வாடகைக் குடியிருப்பாளர் நம் வீட்டுக்குப் பகை என்று எண்ணிய தலைமுறைக்கு, அவரே அந்த வீட்டின் காவலாக முடிந்தார். ஆனால் அவர் வாடகைக்கு இருந்தார் என்பதை நிறுவவேண்டுமே! பற்றுச்சீட்டுகள் இடம்பெயர்வில் போயின. பேசி வைத்த பெரியவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சிய பிள்ளைகளில் ஒருவர் வாடகை என்கிறார், மற்றவர் எங்கள் வீடு என்கிறார்.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இதற்கு ஒரு பரிகாரமாக வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் யுத்தச் சூழலால் வழக்கிட இயலாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலம் கணக்கிடப்படாது. இந்தச் சலுகைக்கு அச்சட்டமே காலவரம்பும் வைத்தது. இயலாமையை நிறுவும் சுமை உரிமையாளர் தோளில் ஏற்றப்பட்டது. முப்பதாண்டு தள்ளிவைத்துக் கொடுத்த நிவாரணத்துக்கு இத்தனை அவசரம் ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அந்த வீட்டிலேயே பிள்ளை பெற்று வளர்த்தவர் எங்கே போவார் என்பதையும் அச்சட்டம் கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்த கட்டடத்தைச் சுருக்க நடைமுறையில் மீட்க வழிசெய்திருக்கிறது. தமிழகம் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை விட்டு 2017ஆம் ஆண்டின் புதுச் சட்டத்துக்கு மாறியதும் இதே திசையில்தான். ஆனால் அந்தச் சுருக்க வழி எழுத்திலுள்ள குத்தகைக்கே திறக்கும். வாய்ப்பேச்சில் கொடுத்த குருநகர் வீட்டுக்குப் பழைய நீண்ட வழிதான்.

உறுதி தொலைந்துவிட்டது என்று கைவிரிப்பவர்களுக்கு ஒன்று கூறலாம். நொத்தாரிசு தான் எழுதும் உறுதியின் இரண்டாம் படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். உறுதியின் இலக்கமும் எழுதியவர் பெயரும் தெரிந்தால் அங்கே பிரதி தேடலாம். வெளிநாட்டிலிருப்பவர் அற்றோணித் தத்துவம் கொடுத்து ஒருவர் மூலம் இதைச் செய்விக்கலாம். சீதன வீடாயின், தேசவழமையின்படி அதை விற்கவோ கைமாற்றவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். பிரிந்து வாழும் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் நீதிமன்றப் படியேறுகிறார்கள். அதைத் தனியாகவே எழுதவேண்டும்.