கூடைப்பந்துத் திடல் (கொங்குப் பள்ளிகள்)

கொங்கு வட்டாரப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடுவதற்கென்று போடப்பட்ட திறந்தவெளித் தளம். மாணவர் வழக்கில் 'பாஸ்கெட்பால் கிரவுண்டு'. இரு முனையிலும் இரும்புக் கம்பம், அதில் பலகை, வளையம். நடுவே சொரசொரப்பான சிமென்ட் தரை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இந்த இடத்தை வகிப்பது கூரையும் மரத்தளமும் படிவரிசை இருக்கைகளும் உடைய உள்ளரங்கம். ஊரே திரண்டு உட்கார்ந்து பார்த்த அத்தகைய அரங்கங்களை இண்டியானா மாநிலத்தார் கோயிலைப் போலப் பேணுகிறார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பழைய மாணவர் ஒருவர் தன் பள்ளிக் கூடைப்பந்தை நினைத்தால் கூரை நினைவுக்கு வராது. வெயிலும் காற்றும் தேய்ந்த முழங்காலும்தான் வரும்.

விளையாட்டின் பிறப்பு இதற்கு நேர்மாறானது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இதை வகுத்ததே பனிக்காலத்தில் மாணவர் வெளியே போக முடியாததால்தான். உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் பீச் பழக்கூடைகளை ஆணி அடித்து மாட்டினார்கள். மாடம் 10 அடி உயரத்தில் இருந்தது. உலகெங்கும் வளையம் இன்றும் அதே 10 அடியில், அதாவது 3.05 மீட்டரில் நிற்கிறது. மாடத்தில் நின்றவர்கள் கை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால் பின்னால் பலகை வந்தது. ஆக, மாடமே இல்லாத காங்கேயம் வெட்டவெளியில் ஒரு பையன் பலகையில் பட்டு விழும்படி பந்தெறிவது, ஒரு வெளிநாட்டு மாடத்தின் மிச்சம்.

அந்த முதல் ஆட்டத்தின் இரு அணித் தலைவர்களுள் ஒருவரான டங்கன் பேட்டன் 1894-ல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பொறுத்தவரை அவரைவிட முக்கியமானவர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற இவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துச் சென்றவரும் இவரே. அந்தக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்கள் டிரில் மாஸ்டர்களாக ஊர் ஊராகப் போனார்கள். ஸ்பிரிங்ஃபீல்டின் ஆட்டம் தமிழ்நாட்டுப் பள்ளி வாசலுக்கு வந்தது பெரிதும் அவர்கள் விசிலோடுதான். ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1934-ல் புதுதில்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-ல் அமைந்தது.

ஆட்டம் வந்தது, அரங்கம் வரவில்லை. செலவு முதல் காரணம். இன்னொன்று, கூரைக்கான தேவையே இங்கு குறைவு. காங்கேயம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி; ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டிவிட்டால் மழை ஆட்டத்தைக் கெடுப்பது அரிது. சிமென்டும் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை: கோவையை அடுத்த மதுக்கரை ஆலை 1934-லேயே தொடங்கிவிட்டது. கம்பத்துக்கும் வளையத்துக்கும் பட்டறைகளுக்கா இந்த நாட்டில் பஞ்சம்!

மழையைவிடக் காற்றுதான் இங்கே எதிராளி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகளும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான் வரும். தூரத்திலிருந்து எறிந்த பந்து பாதி வழியில் நகர்ந்துவிடும். ஆகவே உள்ளே புகுந்து பலகையைத் துணைக்கொள்ளும் ஆட்டமே இத்தகைய திடல்களில் நம்பகமானது. உள்ளரங்கில் பழகியவர் இதை நளினமற்ற ஆட்டம் என்பார். காற்றைக் கேட்டால் வேறு சொல்லும்.

வெட்டவெளி ஆட்டத்தைத் தாழ்வாக எண்ணவும் தேவையில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க ஆட்டமானபோது, நெய்ஸ்மித் நேரில் இருக்க, மண்ணும் மணலும் போட்ட டென்னிஸ் திடலில்தான் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தன்று கொட்டிய மழையில் தரை சேறாகிப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே முடியவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. சிமென்ட் தளம் அன்றைக்கு ஒரு வரமாக இருந்திருக்கும்.

வட்டாரத்தில் கூரை முதலில் கோப்பைகளுக்குக் கிடைத்தது, பள்ளிகளுக்கு அல்ல. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி உள்ளரங்கில் பி.எஸ்.ஜி. கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கிறது. கோவை மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் மாநகராட்சி அரங்கத்தில் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும் நடத்துகிறது. ஒன்று பொள்ளாச்சித் தொழிலதிபர் பெயரில், மற்றது பம்ப் கம்பெனி பெயரில்: கொங்கு நாடு தன் விளையாட்டுக்கு யாரிடம் பணம் கேட்கும் என்பது இதிலேயே தெரியும். மின்னொளி ஆட்டம் என்று போஸ்டர் ஒட்டினால் கூட்டம் வரும் ஊர்கள் இவை. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வட்டார ஆலைகளை எட்டியதன் நெடுநாள் பின்விளைவுகளில் இதையும் சேர்க்கலாம்.

காங்கேயம் பள்ளி அணி மாவட்டப் போட்டிக்குப் பேருந்து ஏறும் திசை இரண்டு முறை மாறியிருக்கிறது. ஊர் கோவை மாவட்டத்தில் இருந்தது. 1979-ல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது தலைமையிடம் ஈரோடு. 2009 முதல் திருப்பூர். ஒரே பள்ளியின் மூன்று தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு மூன்று வெவ்வேறு ஊர்கள் 'டிஸ்ட்ரிக்ட் மேட்ச்' ஆகிவிட்டன. குழு விளையாட்டுகளுக்கு மாநில அளவில் பாரதியார் தினப் போட்டி என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

திடலின் வயதைக் கோடுகள் சொல்லும். வளையத்துக்கு முன்னிருக்கும் கட்டம் 1956 முதல் சரிவக வடிவில் இருந்தது. 2010-ல் பன்னாட்டுக் கூட்டமைப்பு அதைச் செவ்வகமாக்கியது. 1984-ல் வந்த மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனதும் அதே 2010-ல்தான். புதுப்பிக்கும்போது பழைய கோட்டைச் சுரண்டி எடுக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. பெயின்ட் மங்கிய தளங்களில் சரிவகத்தின் மேல் செவ்வகம் ஏறிக் கிடக்கும். அண்மையில் போடப்படும் அக்ரிலிக் பூச்சுத் தளங்களில் முழங்கால் அவ்வளவாகத் தேயாது, ஆனால் அடியிலுள்ள கோடுகள் மறைந்துவிடும்.