சதுரகிரி போறீங்களா? மலையேறும் முன் இதைப் பாருங்க!

கூமாப்பட்டி வரை வந்தாச்சு, அப்படியே சதுரகிரியும் ஏறிடலாம் என்று திட்டமிடுவோர் கவனத்துக்கு...

வத்திராயிருப்பு அருகேயுள்ள தாணிப்பாறைதான் அடிவாரம். பாதை புலிகள் காப்பகத்துக்குள் செல்வதால், வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில் மட்டுமே ஏற முடியும்.

ஓடை ஏன் ஆபத்து?

வழியில் மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை வரும். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும், மேலே மழை கொட்டினால் ஓடையில் திடீர் வெள்ளம் வரும். 2015 மே மாதம் இப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர்.

என்ன செய்யணும்?

* அன்று அனுமதி உண்டா என உறுதி செய்துவிட்டுக் கிளம்புங்க. மழை என்றால் தடை வரலாம்.
* தண்ணீர், வழக்கமான மாத்திரை, வழுக்காத ஷூ அவசியம். தீப்பெட்டி, பிளாஸ்டிக் வேண்டாம்.
* இதய நோய், ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீங்க.
* தண்ணீர் கலங்கி, மட்டம் உயர்ந்தால் ஓடையைக் கடக்காதீங்க. மேட்டில் காத்திருங்க.
* இருட்டும் முன் இறங்கிடுங்க.