வேகத்தை அளக்காத உலை

கைனெடிக்ஸ் பாடத்தில் வேக மாறிலி k-யைக் கண்டுபிடி என்று கணக்கு வந்தால், 'இதெல்லாம் எதுக்குடா?' என்று கேட்காத மாணவர் உண்டா? நானும் கேட்டவன்தான். இந்தக் கதையைப் படித்த பிறகு கேட்பதில்லை.

2007 டிசம்பர் 19. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், ஜாக்சன்வில் நகரம். டி2 லேபரட்டரீஸ் என்ற சின்ன கம்பெனி, பெட்ரோலில் கலக்கும் ஒரு மாங்கனீசு சேர்மத்தைத் தயாரித்து வந்தது. மதியம் 1.23க்கு, உலை குளிரவில்லை என்று முதலாளிகளுக்குப் போன் போனது. 1.33க்கு உலை வெடித்தது. 4 பேர் பலி, 32 பேருக்குக் காயம். இறந்தவர்களில் ஒருவர் கெமிக்கல் எஞ்சினியரான முதலாளி.

என்ன நடந்தது? சோடியம், கரைப்பான், மூலப்பொருள் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுச் சூடாக்குவார்கள். வினை நடக்கும்போது வெப்பமும் ஹைட்ரஜனும் வரும். ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் செமி-பேட்ச் முறையாக இருந்தால், ஊற்றுவதை நிறுத்தி வினையை அடக்கப் பார்க்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. குளிர்விக்கும் தண்ணீர் ஒன்றுதான் கடிவாளம். அதற்கும் மாற்று ஏற்பாடு கிடையாது.

வெப்பநிலை ஏற ஏற வினை வேகம் பல மடங்காகப் பெருகும். குளிர்விப்போ மெதுவாகத்தான் கூடும். 199 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சோடியம் கரைப்பானோடே வினைபுரியத் தொடங்கியது. இது முதல் வினையைவிடப் பயங்கரமானது.

வாயு உண்டாகும் வேகத்துக்கு ஈடாக வெளியேறவும் வேண்டும். ஆனால் உலையின் வெடிதகடு சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அழுத்தத்தில்தான் திறக்கும். விசாரணை செய்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் மாதிரியைச் சின்னக் கலனில் வைத்துச் சோதித்தபோதுதான் இரண்டாவது வினை தெரியவந்தது. 75 பவுண்டிலேயே திறந்திருந்தால், இரண்டாவது வினை தொடங்கும் முன்பே தப்பித்திருக்கலாமாம்.

இது 175வது பேட்ச். ஆரம்பத்தில் சில பேட்சுகளிலேயே எதிர்பாராமல் சூடு ஏறியிருந்தது. செய்முறையைத் திருத்தினார்களே தவிர, வேகத்தை அளக்கவில்லை. 2005ல் பேட்ச் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டவும் செய்தார்கள்.

2009ல் வந்த அறிக்கையின் முக்கியமான பரிந்துரை நம்மைப் பற்றியது: வினைகளின் அபாயத்தைக் கெமிக்கல் எஞ்சினியரிங் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அந்த முதலாளியும் ஒரு காலத்தில் k கண்டுபிடித்துப் பாஸானவர்தானே நண்பர்களே!