சாட்சி கெட்டுப்போகும்

ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கட்டட நிதிக் கணக்கை வாசித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சித்தி எழுந்து, "போன வருசம் அசனத்துக்குப் பிரிச்ச பணம் இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். திருநெல்வேலிச் சபைகளில் எல்லோரும் கூடிச் சமைத்து, பந்தியில் உட்கார்ந்து உண்ணும் விருந்துக்கு அசனம் என்று பெயர். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "உக்காரும்மா. வாசல்ல பந்தல்காரங்க நிக்காங்க. சாட்சி கெட்டுப்போகும்" என்றார். சித்தி உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அந்தச் சித்திதான் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபங்களில் எல்லோருக்கும் முந்தி எழுந்து சாட்சி சொல்பவர். மகனுக்குக் காய்ச்சல் விட்டதையும் அடகு வைத்த நகை திரும்பியதையும் கண்ணீரோடு சொல்வார். வெள்ளிக்கிழமை அவரை எழுப்பிய சொல் ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்துவிட்டது. அது எப்படி என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

சாட்சி வடசொல். 'அக்ஷம்' என்றால் கண். கண்ணோடு கூடியவன், கண்ணால் கண்டவன் சாக்ஷி. இதற்குப் பழந்தமிழ் வைத்திருந்த சொல் 'கரி'. குறளில் இந்திரனும் கரியாகிறான், இந்த உலகமும் கரியாகிறது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரின் பூத சதுக்கத்தில், பூதம் பிடித்து உண்ணும் குற்றவாளிகளின் வரிசையில் பொய்க்கரியாளரும் உண்டு. 'சான்று' என்ற சொல்லுக்கு இன்னொரு சிறப்பு. நிறைதல், தகுதியாதல் என்று பொருள்படும் 'சால்' அதன் வேர். சான்றோர் என்பதற்கும் அதுவே வேர். சொல்லும் செய்தியின் உண்மையும் சொல்பவரின் தகுதியும் தமிழ்க் காதுக்கு ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. பின்னால் நடந்ததற்கு இது வழி கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கிரேக்கத்தில் 'மார்ட்டிஸ்' என்பதும் முதலில் நீதிமன்றச் சொல்தான். கண்டதைச் சொல்கிறவன், அவ்வளவே. கண்டதைச் சொன்னதற்காகக் கொல்லப்பட்டவர்கள் பெருகியபோது அந்தச் சொல்லிலும் ரத்தம் ஏறிற்று. அரபியின் ஷஹீத் என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருளும் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் சாட்சி என்பதை விடாமலே அதற்கு முன்னால் ஓர் அடையைச் சேர்த்தார்கள்: சீர்திருத்த சபைகளில் இரத்தசாட்சி, கத்தோலிக்கரிடம் வேதசாட்சி. தென்மாவட்டங்களில் வேதசாட்சி என்றதும் நினைவில் வருபவர் தேவசகாயம். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டவர்.

இந்தச் சொல் எங்கே திசை மாறியது என்பதை அதோடு சேரும் வினைகள் காட்டிக்கொடுக்கின்றன. சாட்சி சொல்லலாம், கூறலாம், பகரலாம், நீதிமன்றத்தில் அளிக்கலாம். இவை எல்லாம் வாயைத் திறக்கும் வினைகள். சபைப் பேச்சிலோ சாட்சியைக் காப்பாற்ற வேண்டும், சாட்சியை இழக்கக் கூடாது, சாட்சி கெட்டுவிடக் கூடாது. 'அந்தக் குடும்பத்துக்குச் சாட்சி இல்லை' என்றால் ஊரில் அவர்களுக்கு நல்ல பெயர் இல்லை என்று பொருள். சொல்லவேண்டிய ஒன்று, பொத்திவைக்கவேண்டிய ஒன்றாகிவிட்டது.

வேதாகமத்தில் இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சபைக் கண்காணி 'புறம்பானவர்களால் நற்சாட்சி' பெற்றிருக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஆனால் அங்கே சாட்சி சொல்கிறவர்கள் யார்? வெளியே இருப்பவர்கள். வாசலில் நின்ற பந்தல்காரர்கள்தான் அந்த வசனத்தின்படி சாட்சிகள். அவர்கள் கண்ணில் படாமல் மறைத்து அவர்களிடமே நற்சாட்சி வாங்குவதற்கு அந்த வசனத்தில் இடமில்லை.

அவர்கள் கண்ணில் ஏற்கெனவே எல்லாம் பட்டிருக்கிறது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள். ஒரே பீடம், சாதி பார்த்து இரு பக்கம் உட்காரும் மக்கள், நடுவே தடுப்புச் சுவர். வெளியிலிருந்து பார்த்தாலே கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்து தெரியும் கட்டடம் அது. எந்தப் புறம்பானவரிடம் அதை மறைக்க முடியும்? 1910இல்தான் சுவர் இடிபட்டது. பிரிவினையைத் தங்கள் உரிமையாகக் கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' இல்லை. இந்த வரலாற்றைப் பேசினால் திருச்சபைக்கு இழுக்கு என்று வருந்தும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் சுவர் இருந்தபோது அதைச் சொன்னவர்களையே சாட்சி என்று அழைக்க என் நாக்கு பழகிவருகிறது.

'நற்சாட்சி' இன்னோரிடத்திலும் வருகிறது. இவ்வளவு காலம் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் அன்றாடம் உணவு பகிர்வதில், கிரேக்கம் பேசுகிறவர்களின் விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுகிறது. சபை பிறந்து நாளாகவில்லை, எதிரிகள் சுற்றி நிற்கிறார்கள். 'உட்காருங்கள், சாட்சி கெட்டுப்போகும்' என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான வேளை இருந்திருக்காது. அப்போஸ்தலர்களோ சபையார் எல்லோரையும் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். லூக்கா குறையையும் எழுதிவைத்தார், ஏழு பெயர்களையும் எழுதிவைத்தார். ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது. முதல் பெயர் ஸ்தேவான். சபையின் முதல் இரத்தசாட்சி அவர்தான். அடுத்த அதிகாரத்திலேயே கல்லெறிந்து கொல்லப்படுகிறார்.

அவருக்குச் சபை முதலில் கொடுத்த வேலைக்குத் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் பெயர் பந்திவிசாரணை. சித்தி எழுந்து கேட்டதும் பந்திக் கணக்குத்தான்.